பழங்காசும் புதுக் கார்டும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

சேலத்தில் ஐந்து ரோட்டுக்கு அருகே ஒரு திருமண மண்டபத்தில் நாணயம், தபால்தலை, பழைய அச்சுத்தாள், விளையாட்டுக் கார்டு ஆகியவற்றை விற்பவர்களும் சேகரிப்பவர்களும் கூடும் இரண்டு நாள் கண்காட்சி வரவிருக்கிறது என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதன்பின் வந்த கடிதங்களில் பாதிக்கு மேற்பட்டவை, ‘என்னிடம் இருக்கும் இந்தப் பொருள் என்ன விலை போகும்?’ என்றே கேட்கின்றன. பொருளைக் கையில் வாங்கிப் பார்க்காமல் விலை சொல்வது முறையன்று. ஆகவே அவற்றை ஒதுக்கிவிட்டு, மண்டபத்துக்குப் போகிறவர்களுக்கு உதவக்கூடிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: என் மாமியார் வைத்துவிட்டுப் போன பழைய வெள்ளி ரூபாய்கள் 22 இருக்கின்றன. மகளின் கல்யாணத்துக்குக் கொலுசு செய்ய அவற்றை உருக்கிவிடலாம் என்கிறார் என் கணவர். கண்காட்சியில் யாரிடமாவது காட்டிவிட்டு உருக்கலாமா? எல்லாம் கறுத்துக் கிடக்கின்றன. துலக்கி எடுத்துப் போக வேண்டுமா? அமெரிக்காவில் இருக்கும் என் கொழுந்தனாரும் தமக்குச் சில வேண்டும் என்கிறார்.
– ஒரு வாசகி, செவ்வாய்ப்பேட்டை

பதில்: முதலில், தயவுசெய்து துலக்காதீர்கள். வெள்ளிப் பட்டறைகள் நிறைந்த பகுதியில் வாழ்கிற உங்களுக்கு, வெள்ளி என்றால் பளபளக்க வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. கொலுசுக்கு அது சரி. நாணயத்துக்கு அந்தக் கறுப்பே மேல்தோல். பன்னிரண்டு வயதில் என் பாட்டி கொடுத்த விக்டோரியா ரூபாய் ஒன்றைப் புளியும் திருநீறும் வைத்துத் தேய்த்தேன். அரை மணி நேரத்தில் அது வெள்ளை வெளேரென்று ஆயிற்று. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து ஒரு பெரியவரிடம் அதைக் காட்டியபோது, அவர் அதை விளக்கொளியில் மெல்லச் சாய்த்து, அரசியின் கன்னத்தில் ஒரே திசையில் ஓடிய மயிரிழைக் கீறல்களை எனக்குக் காட்டினார். தலைமுடியின் வரிகள் மழுங்கியிருந்தன. அந்த நாணயம் இன்றும் என்னிடம் இருக்கிறது. அந்த வரிகள்தாம் திரும்பி வரவில்லை. ஆகவே எண்ணெய்ப் பிசுக்கோ மண்ணோ இருந்தாலும் அப்படியே எடுத்துப் போங்கள். என்ன செய்யலாம் என்பதை நாணயத்தை அறிந்தவர் பார்த்துச் சொல்லட்டும்.

இரண்டாவதாக, வீட்டிலேயே ஒரு வேலையைச் செய்யுங்கள். மேசையில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, ஒவ்வொரு நாணயத்தையும் விளிம்பைப் பிடித்தே எடுத்து, ஆண்டுவாரியாக அடுக்குங்கள். விக்டோரியாவின் பெயருக்குப் பக்கத்தில் ‘குயின்’ என்று இருந்தால் அது 1876 வரையிலான வகை. ‘எம்ப்ரஸ்’ என்று இருந்தால் 1877 முதல் வந்த வகை. அதற்குப் பின் ஏழாம் எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ், ஆறாம் ஜார்ஜ் என்று வரிசை போகும். ஒரு ரூபாய் நாணயத்தின் எடை ஒரு தோலா, அதாவது ஏறத்தாழ 11.66 கிராம், 12 பங்கில் 11 பங்கு வெள்ளி. இந்தக் கலவை நெடுங்காலம் மாறாமல் இருந்தது. ஆனால் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1940 முதல், வெள்ளி சரிபாதியாகக் குறைக்கப்பட்டது. 1947-ஆம் ஆண்டின் ரூபாயிலோ வெள்ளியே கிடையாது. பின்புறம் புலி பொறித்த அந்த நாணயம் முழுக்க நிக்கல். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டும் காந்தத்தை அருகே கொண்டுபோனால் அது தாவி ஒட்டிக்கொள்வதை நீங்களே பார்க்கலாம். நல்ல வெள்ளி காந்தத்தைக் கண்டுகொள்ளாது. இவை எல்லாவற்றையும் ஒரே உருக்குக் கிண்ணத்தில் போட்டு உருக்கினால் வெள்ளியின் மாற்றுக் குறைந்து உங்களுக்குத்தான் நட்டம் என்பதையும் உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்.

அந்த வரிசையில் 1911 என்ற ஆண்டு தென்பட்டால் அதைத் தனியே எடுத்து வையுங்கள். ஐந்தாம் ஜார்ஜ் பட்டத்துக்கு வந்தபின் வெளியான முதல் ரூபாய் அது. மன்னரின் அங்கியில் பொறித்திருந்த யானையின் துதிக்கை குட்டையாக அமைந்துவிட்டதால் அது பன்றியைப் போலத் தெரிகிறது என்று மக்கள், குறிப்பாக முஸ்லிம்கள், மனம் புண்பட்டார்கள். அரசு அந்த நாணயத்தைத் திரும்பப் பெற்று உருக்கியது. 1912 முதல் யானை திருத்தி வரையப்பட்டது. பூதக்கண்ணாடியை வைத்து மன்னரின் தோளுக்குக் கீழே பார்த்தால், 1911-க்கும் 1912-க்கும் இடையே துதிக்கை நீண்டிருப்பது தெளிவாகத் தெரியும். இதை ஒருமுறை பார்த்த குழந்தை ஆயுளுக்கும் மறக்காது. 1939 என்ற ஆண்டோடு ரூபாய் இருந்தால் அதையும் தனியே வையுங்கள், ஆனால் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். உண்மையான 1939 ரூபாய் மிக அரியது என்பதாலேயே போலிகள் ஏராளம்.

மண்டபத்தில் முதல் மேசையிலேயே விற்றுவிடாதீர்கள். மூன்று பேரிடம் காட்டிக் கேளுங்கள். வாங்குபவர் சொல்லும் விலை, அவர் விற்கும் விலையைவிடக் குறைவாகத்தான் இருக்கும். மேசை வாடகையும் பயணச் செலவும் கொடுத்து அவர் பிழைக்க வேண்டும், அதில் தவறில்லை. 22-இல் பெரும்பாலானவை சாதாரண ஆண்டுகளாகவே இருக்கலாம். அவற்றின் விலை வெள்ளியின் விலையைவிட மிக உயர்ந்து போகாது. அவற்றை உருக்குவதா, மகளுக்கு நாணயமாகவே கொடுப்பதா என்பது உங்கள் குடும்பத்தின் முடிவு. என்னைக் கேட்டால் நான்கையாவது அப்படியே வைத்திருங்கள் என்பேன். உங்கள் மாமியார் எண்ணி வைத்த காசு அது.

கொழுந்தனாரின் விருப்பத்துக்கு மட்டும் கண்டிப்பாக இடம் கொடுக்க வேண்டாம். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, 100 ஆண்டு கடந்த நாணயம் தொல்பொருள். தனிநபர் அதை நாட்டுக்கு வெளியே எடுத்துச் செல்வது குற்றம். அவர் ஊருக்கு வரும்போது இங்கேயே பார்த்து மகிழட்டும்.

கேள்வி: என் மகனுக்குப் பதினொரு வயது. போக்கிமான் கார்டு என்றால் உயிர். ஃபேன்சி ஸ்டோரில் வாங்கிய தங்க நிறக் கார்டுகள் 50-க்கு மேல் வைத்திருக்கிறான். அவற்றைக் கண்காட்சிக்கு எடுத்துப் போய்ப் பெரிய பையன்களிடம் மாற்றிக்கொள்ளப் போவதாகச் சொல்கிறான். அனுப்பலாமா? இதில் எனக்கு ஒன்றுமே தெரியாது.
– ஒரு தாய், அம்மாப்பேட்டை

பதில்: அனுப்ப வேண்டாம், அழைத்துக்கொண்டு போங்கள். நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும், வேறொன்றும் தெரிந்திருக்கத் தேவையில்லை.

போவதற்கு முன் ஒரு வருத்தமான செய்தியை நீங்கள்தான் அவனிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டும். கட்டுக் கட்டாகப் பெட்டியில் வரும் அந்தத் தங்க முலாம் பூசிய கார்டுகள் போக்கிமான் நிறுவனம் வெளியிட்டவை அல்ல. அவற்றை எந்தச் சேகரிப்பாளரும் மாற்றிக்கொள்ள மாட்டார். இதை மண்டபத்தில் நாலு பேர் முன்னால் ஒரு பெரிய பையன் சிரித்துக்கொண்டே சொல்லிக் கேட்பதைவிட, வீட்டில் அம்மா சொல்லிக் கேட்பது நல்லது. விளையாடுவதற்கு அவை அவனுக்குச் சொந்தமாகவே இருக்கட்டும்.

போக்கிமான் கார்டு விளையாட்டு ஜப்பானில் 1996-இல் தொடங்கி, 1999-இல் ஆங்கிலத்தில் வந்தது. நல்ல கார்டு 63 மில்லிமீட்டர் அகலமும் 88 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது. உங்கள் மகனிடம் உறுதியாக நல்லது என்று தெரிந்த ஒரு சாதாரணக் கார்டு இருந்தால் அதையே அளவுகோலாகப் பையில் போட்டு எடுத்துப் போகச் சொல்லுங்கள். சந்தேகமான கார்டை அதன்மேல் வைத்துப் பார்த்தால் அளவிலோ, பின்புற நீலத்தின் அடர்த்தியிலோ, எழுத்தின் தடிமனிலோ வேறுபாடு தெரிந்துவிடும். விளிம்பைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், நல்ல கார்டில் இரண்டு அட்டைப் படலங்களுக்கு நடுவே மெல்லிய கருங்கோடு ஒன்று ஓடும். கைபேசி வெளிச்சத்தைப் பின்னால் பிடித்தால் போலிக் கார்டு பெரும்பாலும் வெளிச்சத்தைத் தாராளமாக உள்ளே விட்டுவிடும். கார்டின் கீழ் மூலையில் உள்ள சிறு குறியில் வட்டம் என்றால் சாதாரணம், சாய்சதுரம் என்றால் சற்றுக் குறைவாகக் கிடைப்பது, நட்சத்திரம் என்றால் அரியது. இவ்வளவையும் உங்கள் மகன் உங்களுக்கே பாடம் எடுப்பான் என்று நினைக்கிறேன். எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

மாற்றிக்கொள்வதில் ஒரே ஒரு கட்டுப்பாடு வையுங்கள். யார் மாற்றிக்கொள்ளக் கேட்டாலும், ‘அம்மாவிடம் காட்டிவிட்டு வருகிறேன்’ என்று சொல்லிவிட்டு உங்களிடம் வர வேண்டும். அந்த இரண்டு நிமிடம் பொறுக்காமல் அவசரப்படுத்துகிறவனிடம் மாற்றிக்கொள்ள வேண்டாம். அதேபோல, தன்னைவிடச் சிறிய பையன் தெரியாமல் நல்ல கார்டைக் குறைந்த கார்டுக்குக் கொடுக்க வந்தால், அதை உங்கள் மகன் அவனிடம் சொல்லிவிட வேண்டும். என் அனுபவத்தில் இந்தப் பழக்கம் உள்ள பையன்களைத்தான் பெரிய சேகரிப்பாளர்கள் பக்கத்தில் உட்காரவைத்துக் கற்றுத்தருகிறார்கள்.

மூடிய பாக்கெட்டுகளை வாங்கிப் பிரிப்பதற்கு அவன் ஆசைப்படுவான். உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாமல் பணம் கொடுப்பது அது. ஒன்று பிரித்ததும் இன்னொன்று கேட்கும். பிறந்தநாளுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டு, மற்ற நாளில் தனக்குப் பிடித்த ஒற்றைக் கார்டைப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். வாங்கியதும் உறையில் போட்டுவிட வேண்டும். 1952-இல் அமெரிக்காவின் டாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட மிக்கி மேன்டில் என்ற பேஸ்பால் ஆட்டக்காரரின் கார்டு ஒன்று 2022 ஆகஸ்டில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அந்த நிறுவனத்தின் சை பெர்கர், விற்காமல் தேங்கிய அந்த ஆண்டுக் கார்டுகளைப் படகில் ஏற்றிக் கடலில் கொட்டியதாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அன்றைய பையன்களும் கார்டுகளை ரப்பர் பட்டை போட்டுக் கட்டிக் கால்சட்டைப் பையில் திணித்துக்கொண்டு திரிந்தவர்கள்தாம். முனை மடங்காத ஒன்றுக்கு அந்த விலை. அதே படம் முனை மழுங்கிப்போனால் அதில் ஒரு சிறு பங்குதான். உங்கள் மகன் கோடீஸ்வரன் ஆவான் என்பதற்காக இதைச் சொல்லவில்லை; முனையை ஏன் காப்பாற்ற வேண்டும் என்பது இந்தக் கதையில் அவனுக்குச் சட்டென்று விளங்கும்.

கேள்வி: ஆங்கிலேயர் கால ஐந்து ரூபாய் நோட்டும், வைஷ்ணோ தேவி படம் போட்ட நாணயமும் பத்து லட்சம் போகும் என்று கைபேசியில் ஒருவர் பேசினார். பதிவுக் கட்டணமாக 3,500 ரூபாய் கேட்கிறார். ரிசர்வ் வங்கியின் சான்றிதழும் அனுப்பியிருக்கிறார். கண்காட்சியில் இவர்கள் வருவார்களா? மேலும், ராமர் படம் பொறித்த கம்பெனிக் காசு ஒன்று அரிசியை இழுக்கும் என்கிறார் எங்கள் ஊர்க்காரர்.
– ஒரு விவசாயி, ஆத்தூர்

பதில்: ஐயா, ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். ரிசர்வ் வங்கி பழைய நாணயமோ நோட்டோ வாங்குவதும் இல்லை, விற்பதும் இல்லை, அதற்குக் கமிஷன் கேட்பதும் இல்லை. தன் பெயரைச் சொல்லி ஏமாற்றுகிறார்கள் என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் பொதுமக்களை எச்சரித்தது. வாங்க வருகிறவர் பணம் கொடுக்க வேண்டும். விற்கிற உங்களிடம் அவர் பணம் கேட்டால், அவருடைய தொழில் வேறு. வைஷ்ணோ தேவி நாணயம் 2012-இல் வெளிவந்த நினைவு நாணயம். கண்காட்சி மேசைகளில் மிகச் சாதாரணமான விலைக்குக் கிடைக்கும். நீங்களே போய் விலை கேட்டுப் பாருங்கள், கைபேசிக்காரரின் பத்து லட்சம் அங்கேயே கலைந்துவிடும்.

ராமர் பட்டாபிஷேகத்தை ஒரு பக்கமும், ‘ஈஸ்ட் இந்தியா கம்பெனி, 1818’ என்று மறுபக்கமும் பொறித்த செப்புக்காசை எத்தனையோ வீடுகளில் பூஜை அறையில் பார்த்திருக்கிறேன். கம்பெனி அப்படி ஒரு நாணயத்தை வெளியிட்டதே இல்லை; கோயில் கடைகளில் விற்க அச்சடித்த வில்லை அது. பக்தியோடு வைத்திருப்பவர்கள் வைத்திருக்கட்டும். அரிசியை இழுக்கிறது, இரிடியம் கலந்திருக்கிறது என்று சொல்லி லட்சக்கணக்கில் பணம் பிடுங்குவது நம் மாவட்டங்களில் நிலத்தை விற்க வைத்த மோசடி. அந்த ஊர்க்காரர் மறுபடி வந்தால் காவல் நிலையத்தில் சொல்லுங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் குடியிருக்கிறோம். என் தபால்தலை ஆல்பத்தில் பழுப்புப் புள்ளிகள் விழுந்திருக்கின்றன. சில தபால்தலைகள் பக்கத்தோடு ஒட்டிக்கொண்டன. பேத்தியின் கார்டுகள் வில்லாக வளைந்துவிட்டன. கண்காட்சியில் இதற்கு ஏதாவது வாங்க முடியுமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், ஏற்காடு

பதில்: 1,500 மீட்டர் உயரத்தில், மேகம் சன்னல் வழியாக உள்ளே வந்துபோகும் ஊரில் தாளைக் காப்பது கடினம்தான். பழுப்புப் புள்ளி என்பது ஈரத்தில் வளரும் பூஞ்சை. புள்ளி விழுந்த தபால்தலைகளை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்துவிடுங்கள். ஒட்டிக்கொண்டவற்றை நகத்தால் கிளப்ப வேண்டாம். முத்திரை விழுந்த, பசை போன தபால்தலை என்றால் வெறும் தண்ணீரில் மிதக்கவிட்டால் தானே பிரியும். பசையோடு இருக்கும் புதியவற்றை அப்படிச் செய்யக் கூடாது, அவற்றை அனுபவமுள்ளவரிடம் காட்டுங்கள். கார்டு வளைவதற்கும் ஈரமே காரணம்: அட்டை ஈரத்தைக் குடித்து விரிகிறது, மேலே உள்ள மினுக்குப் படலம் விரிவதில்லை, ஆகவே கார்டு ஒரு பக்கமாக இழுபடுகிறது.

கண்காட்சியில் காற்றுப்புகாத பெட்டியும், மென்மையான பி.வி.சி. கலவாத உறைகளும் கிடைக்கும்; கேட்டு வாங்குங்கள். மலிவான, வாசமடிக்கும் வளைந்துகொடுக்கும் பிளாஸ்டிக்கில் நாணயத்தை வைத்தால் சில ஆண்டுகளில் பச்சையாக ஒரு பிசின் படியும். பெட்டியினுள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, நிறம் மாறியதும் சூடுகாட்டிப் பயன்படுத்துங்கள். ஆல்பங்களைப் படுக்கப் போட்டு அடுக்காமல் நிற்க வையுங்கள். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் வேண்டாம். பனி விலகி வெயில் காயும் பிப்ரவரி, மார்ச் பகல்களில் நிழலில் விரித்துக் காற்றாட விடுங்கள். பாச்சா உருண்டை போடும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அதன் ஆவி சிலவகைப் பிளாஸ்டிக்கையே இளக்கிவிடும்.

கேள்வி: அப்பா சேர்த்து வைத்த பழைய சினிமாப் பாட்டுப் புத்தகங்கள் ஒரு தகரப்பெட்டி நிறைய இருக்கின்றன. எடைக்குப் போடலாம் என்கிறார்கள் வீட்டில். நாணயக் கண்காட்சியில் இதையெல்லாம் யார் பார்ப்பார்கள்?
– ஒரு வாசகர், சூரமங்கலம்

பதில்: முதலில் நான் பார்ப்பேன். எடைக்குப் போட்டுவிடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். நம் ஊரில் 1935-இல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ், ஏற்காடு சாலையில் இன்று நுழைவாயில் வளைவாக மட்டுமே நிற்கிறது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் 1956-இல் அங்கேயிருந்துதான் வந்தது, மு. கருணாநிதி அங்கே வசனம் எழுதினார். அந்தக் கட்டடங்கள் போனபின் எஞ்சியிருக்கும் சாட்சிகளில் ஒன்று, கொட்டகை வாசலில் அணாக்கணக்கில் விற்ற அந்த நாலு பக்க, எட்டுப் பக்கத் தாள்கள்தாம். நடிகர் பட்டியல், பாடலாசிரியர் பெயர், கதையைப் பாதியில் நிறுத்தி ‘மீதியை வெண்திரையில் காண்க’ என்று போடும் அந்த வரி எல்லாம் அதில் இருக்கும். படச்சுருள் அழிந்துபோன படங்களைப் பற்றி அறிய சிலவேளை அது ஒன்றே வழி.

மலிவான தாள் என்பதால் அது தானாகவே பழுத்து நொறுங்கும். துருப்பிடித்த ஸ்டேப்பிள் பின்னை மெல்ல நிமிர்த்தி எடுத்துவிடுங்கள். செல்லோ டேப் ஒட்டாதீர்கள். லேமினேஷன் செய்யவே செய்யாதீர்கள், செய்தால் திரும்ப மீட்க வழியில்லை. ஒவ்வொன்றையும் அமிலம் நீக்கிய தாளுறையில் தட்டையாக வைத்து, படத்தின் பெயரும் ஆண்டும் எழுதி ஒரு பட்டியல் தயாரித்து, அந்தப் பட்டியலை மட்டும் கண்காட்சிக்கு எடுத்து வாருங்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் வர வேண்டாம்.

கேள்வி: செல்லாத பழைய 500 ரூபாய் நோட்டுகள் சில வைத்திருக்கிறேன். கண்காட்சியில் விற்கலாமா?
– ஒரு வாசகர், ஓமலூர்

பதில்: 2017-இல் வந்த சட்டப்படி, செல்லாதென்று அறிவிக்கப்பட்ட அந்த 500, 1,000 ரூபாய் நோட்டுகளை ஒருவர் மொத்தம் 10-க்கு மேல் வைத்திருக்கக் கூடாது, ஆய்வுக்காகவும் நாணயவியலுக்காகவும் 25 வரை அனுமதி உண்டு. மீறினால் குறைந்தது 10,000 ரூபாய் அபராதம். எண்ணிக்கையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். விலையைப் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

கேள்வி: நிலத்தைச் சமன்படுத்தும்போது ஒரு சிறு மண்கலயத்தில் செப்புக் காசுகள் கிடைத்தன. ஒன்றில் யானை இருக்கிறது. கண்காட்சியில் காட்டலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், வாழப்பாடி அருகே

பதில்: காட்டுவதற்கு முன் வேறொரு கடமை இருக்கிறது. மண்ணில் புதைந்து கிடைத்த பொருளின் மதிப்பு 10 ரூபாய்க்கு மேல் இருந்தால், மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம். தெரிவித்தவருக்கு அதில் உரிமை கோர வழி உண்டு. மறைத்தவருக்குத் தண்டனை உண்டு. 1792 வரை இந்தப் பகுதி திப்பு சுல்தானின் ஆட்சியில் இருந்தது. அவர் காலத்துச் செப்புக்காசில் யானை இருக்கும். உங்களுடையது அதுதானா என்பதைப் பார்த்தவர்தான் சொல்ல முடியும். கலயத்தையும், உடைந்திருந்தால் அதன் ஓடுகளையும், கிடைத்த இடத்தின் அடையாளத்தையும் சேர்த்தே வையுங்கள். காசு தனியே பேசுவதைவிடக் கலயத்தோடு சேர்ந்து அதிகம் பேசும். விற்பவர் யாரிடமும் ஒன்றைக்கூட ‘மாதிரி’க்கென்று கொடுக்காதீர்கள்.

கேள்வி: முதல்முறையாகக் கண்காட்சிக்குப் போகிறேன். அங்கே எப்படி நடந்துகொள்வது என்று தெரியவில்லை. பேரம் பேசலாமா?
– கல்லூரி மாணவி, மேட்டூர்

பதில்: காலையில் திறந்ததும் ஒரு சுற்று எதையும் வாங்காமல் எல்லா மேசையையும் பாருங்கள். ஒரே பொருளுக்கு நான்கு மேசையில் நான்கு விலை இருப்பதை அந்தச் சுற்று உங்களுக்குக் காட்டிவிடும். கையில் எடுக்கும்முன், ‘பார்க்கலாமா, அண்ணா?’ என்று கேளுங்கள். நாணயத்தை விளிம்பில் பிடித்து, மேசைக்கு மிக அருகிலேயே வைத்துப் பாருங்கள், கை தவறினாலும் விரிப்பின்மேல் விழட்டும். அதற்கு நேராகக் குனிந்து பேசாதீர்கள், எச்சில் துளி பட்ட இடம் நாளடைவில் கறையாகும். தபால்தலையை ட்வீசரால் மட்டுமே எடுக்க வேண்டும். ஒருவரின் மேசைமுன் நின்றுகொண்டு உங்கள் பையிலிருந்து வேறொருவருக்கு விற்பது பெரிய அவமரியாதை. பத்து மடங்கு பெரிதாக்கும் சிறிய லென்ஸ், உங்களிடம் ஏற்கெனவே உள்ளவற்றின் பட்டியல், சில்லறை நோட்டுகள் ஆகியவை போதும்.

பேரம் பேசலாம், மரியாதையோடு. மூன்று நான்கு பொருளைச் சேர்த்தெடுத்து ‘மொத்தமாகப் போட்டுக் கொடுங்கள்’ என்றால் பெரும்பாலும் குறைப்பார்கள். இரண்டாம் நாள் மாலை, மூட்டை கட்டும் நேரத்தில் விலை இன்னும் இளகும். ஆனால் நல்லவை அதற்குள் போயிருக்கும். கூட்டம் குறைந்த பகல் சாப்பாட்டு நேரத்தில் வயதான விற்பனையாளர் ஒருவரிடம், ‘இதில் போலியை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள். நாற்பது ஆண்டு அனுபவத்தை அவர் எடுத்துக் கொட்டுவார். கண்காட்சிக்கு நான் விடாமல் போவது அதற்காகவே.

கேள்வி: எட்டாம் வகுப்புப் படிக்கிறேன். என்னிடம் 50 ரூபாய்தான் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு கண்காட்சிக்கு வரலாமா?
– ஒரு மாணவன், குகை

பதில்: தாராளமாக வா, தம்பி. உன் 50 ரூபாய்க்குச் செய்யத்தக்க அருமையான வேலை ஒன்று இருக்கிறது. 1988 முதல் நம் 10, 25, 50 காசுகள் துருப்பிடிக்காத எஃகில் வந்தன. 25 காசில் காண்டாமிருகம் இருக்கும். 25 காசும் அதற்குக் கீழே உள்ளவையும் 2011 ஜூன் 30 முதல் செல்லாமல் போயின. மேசைகளின் ஓரத்தில் டப்பாவில் குவித்து வைத்து மலிவாக விற்பார்கள். நாணயம் அச்சிடுவதற்கான எஃகு வில்லைகளை நம் சேலம் உருக்காலையும் செய்து நாணயச் சாலைகளுக்கு அனுப்பியிருக்கிறது. ஆகவே நீ பொறுக்கும் காசுகளில் நம் ஊரில் வெட்டிய வில்லையும் இருக்கக்கூடும்.

ஆண்டு எண்ணுக்குக் கீழே உற்றுப் பார். சாய்சதுரம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், புள்ளி இருந்தால் நொய்டா, ஒன்றுமே இல்லாவிட்டால் கொல்கத்தா. ஒரு கோடு போட்ட நோட்டில் ஆண்டுகளை மேலிருந்து கீழாகவும், நான்கு ஊர்களைப் பக்கவாட்டிலும் எழுதிக் கட்டம் போட்டுக்கொள். கிடைத்ததற்கு நேரே குறியிடு. அப்பா கொண்டுவரும் பேருந்துச் சில்லறையிலேயே இப்போதைய ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்க் கட்டங்களில் பாதி நிறைந்துவிடும்.

இன்னொன்று. 6 முதல் 9-ஆம் வகுப்பு வரை படிக்கும் மாணவர்களுக்கு, தபால்தலை சேகரிப்பை வைத்து ஆண்டுக்கு 6,000 ரூபாய் உதவித்தொகை தரும் ‘ஸ்பர்ஷ்’ திட்டத்தை அஞ்சல் துறை 2017-இல் தொடங்கியது. பள்ளியில் தபால்தலை மன்றம் இருக்க வேண்டும். இல்லையென்றால் அஞ்சலகத்தில் உன் பெயரில் சேகரிப்புக் கணக்கு இருந்தால் போதும். வினாடி வினாவும் ஒரு செயல்திட்டமும் உண்டு. உன் வகுப்பாசிரியரிடம் இதைக் காட்டி, தலைமை அஞ்சலகத்தில் விசாரிக்கச் சொல்.

மண்டபத்தில் சனிக்கிழமை காலை பழைய அச்சுத்தாள் மேசைகளுக்கு அருகே இருப்பேன். உன் கட்டம் போட்ட நோட்டைக் கொண்டுவா. என்னிடம் இரட்டையாக இருக்கும் நட்சத்திரக் குறிக் காசுகளை ஒரு உறையில் போட்டு எடுத்து வருகிறேன். உன்னிடம் இல்லாத ஆண்டுகளை அதில் பார்த்து எடுத்துக்கொள்ளலாம்.